மோலி இரண்டு முறை நடந்தாள்

கேள்வி இது: "'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்' படம் பார்த்தேன். மூன்று சிறுமிகள் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நடந்தே வீடு திரும்பியது நிஜமா, சினிமாவுக்காகக் கட்டிய கதையா? ஓர் அரசாங்கம் எதற்காகப் பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்க வேண்டும்? அநாதைக் குழந்தைகளைத்தானே கொண்டுபோய் வளர்த்தார்கள் என்று என் நண்பர் சாதிக்கிறார்."

நடந்தது நிஜம். நடந்தவர்களில் இருவர் 2002இல் படம் வெளியானபோது உயிரோடுதான் இருந்தார்கள். கடைசியில், நரைத்த தலையோடு செம்மண் காட்டில் நடந்து வருகிற இரண்டு கிழவிகள் நடிகைகள் அல்ல. அவர்கள்தான் மோலியும் டெய்சியும். ஆனால் படம் ஒன்றரை மணிநேரம் செலவழித்துச் சொல்கிற கதையைவிட, அந்தக் கடைசி நிமிடத்தில் மோலியின் குரல் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற நாலைந்து வாக்கியங்கள்தான் எனக்குப் பெரிய கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், படத்தின் தலைப்பிலேயே உள்ள அந்த முயல் தடுப்பு வேலி.

1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார், சுட்டுப் பொழுதுபோக்குவதற்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருந்த தன் பண்ணையில் அவிழ்த்துவிட்டார். மொத்தமே இரண்டு டஜன்தான். அரை நூற்றாண்டுக்குள் அவற்றின் வாரிசுகள் கண்டத்தின் பாதியை மேய்ந்து தீர்த்தன. மேற்கு ஆஸ்திரேலியா பயந்துபோய் 1901இல் வேலி போட ஆரம்பித்து 1907இல் முடித்தது. தெற்குக் கடலிலிருந்து வடமேற்குக் கடல்வரை ஒரே கோடாக 1,833 கிலோமீட்டர். வேலை முடிவதற்குள்ளேயே முயல்கள் தாண்டிப் போய்விட்டன. உடனே இரண்டாவது வேலி, பிறகு மூன்றாவது. மூன்றையும் சேர்த்தால் 3,256 கிலோமீட்டர். ஒன்றையும் தடுக்காத வேலி என்று அந்நாட்டிலேயே கேலி உண்டு. சிறுமிகள் தப்பி வரும் வழியில் முயல் பிடித்துச் சுட்டுத் தின்றார்கள் என்று, படத்துக்கு மூலமான புத்தகத்தில் வருகிறது. வேலி காப்பாற்ற வேண்டிய பக்கத்திலேயே முயல் கிடைத்திருக்கிறது!

வேலியைப் பழுதுபார்க்க ஆங்காங்கே கிடங்கு வைத்தார்கள். பில்பரா வட்டாரத்தில், பாலைவனத்தின் விளிம்பில் உள்ள ஜிகலாங் அப்படி 1907இல் உருவான இடம். உள்பாலையிலிருந்த மார்ட்டு என்ற ஆதிகுடி மக்கள் காலப்போக்கில் அந்தக் கிடங்கைச் சுற்றி வந்து தங்கினார்கள். வேலியோரம் ஒட்டகத்தோடு போய்வருகிற வெள்ளைக்கார வேலையாட்கள் அங்கேதான் முகாம். மோலியின் தகப்பன் தாமஸ் கிரெய்க், ஆங்கிலேயர், வேலிக் கண்காணிப்பாளர். தாய் மாட், மார்ட்டுப் பெண். ஆகவே அந்தப் பெண்ணுக்கு வேலி என்பது அப்பாவின் பிழைப்பு, தன் பிறப்புக்கே காரணம். அதைத் தொட்டுக்கொண்டே வடக்கே போனால் வீடு வரும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத சங்கதி.

படத்தில் மோலியும் டெய்சியும் அக்கா தங்கை, கிரேசி ஒன்றுவிட்டவள். புத்தகத்தில் மூவருமே சகோதரிகள் என்ற தொனியில் வரும். ஆங்கில வாசகர்கள் இதில் குழம்புவார்கள். நமக்கு விளக்க வேண்டியதில்லை. மார்ட்டு மக்களிடமும் அம்மாவோடு பிறந்தவள் அம்மாதான். அவள் பெற்றதெல்லாம் நம் கூடப்பிறந்தது. 'கஸின்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தால்தான் சிக்கல்.

இப்போது உங்கள் நண்பரின் அநாதை வாதம். மோலிக்கு அம்மா இருந்தாள், பாட்டி இருந்தாள், சுற்றிலும் ஒரு கூட்டமே இருந்தது. ஆனால் சட்டத்தின்படி பார்த்தால் அவர்கள் யாரும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டு ஆதிகுடிகள் சட்டம், 16 வயதுவரை ஒவ்வோர் ஆதிகுடிப் பிள்ளைக்கும் கலப்புப் பிள்ளைக்கும் 'தலைமைப் பாதுகாவலர்' என்ற அதிகாரியையே சட்டபூர்வமான கார்டியன் ஆக்கிவிட்டது. 1936இல் சட்டத்தைத் திருத்தி அந்த வயதை 21 ஆக உயர்த்தினார்கள். வெள்ளைக்காரக் குழந்தையைப் பிரிக்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்குப் போய், கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். இவர்களுக்கு அது தேவையில்லை. பக்கத்துப் போலீஸ்காரரே வட்டாரப் 'பாதுகாவலர்'. படத்தில் கான்ஸ்டபிள் ரிக்ஸ் காரில் வந்து இறங்கி மாட் முகத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தை ஆட்டுகிறாரே, அந்தக் காகிதத்தின் பலம் இதுதான். மற்ற மாகாணங்களும் இதற்குச் சளைத்தவை அல்ல. நியூ சவுத் வேல்ஸ் 1909இல் போட்ட சட்டத்தில் நீதிமன்ற நிபந்தனை இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று 1915இல் அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் எல்லாப் பிள்ளைகளையுமா எடுத்தார்கள்? இல்லை. முக்கியமாகக் குறிவைத்தது கலப்பில் பிறந்தவர்களை. ஆவணங்களில் அவர்களுக்குப் பெயர் 'ஹாஃப் காஸ்ட்'. போர்ச்சுகீசியர்கள் நம் ஊருக்கு வந்து இங்கிருந்த சாதியைக் கண்டு அதற்குத் தங்கள் மொழியில் 'காஸ்டா' என்றார்கள். அதுதான் ஆங்கிலத்தில் 'காஸ்ட்' ஆயிற்று. நம் ஊர்ப் பிரிவினையில் புழங்கிய சொல் கப்பலேறிப் போய்ப் பாலைவனத்துப் பிள்ளைகளின் தலையில் உட்கார்ந்ததை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் வரும். அதற்குக் கீழே இன்னும் பிரிவுகள் உண்டு: கால் ரத்தம் என்றால் 'குவாட்ரூன்', அரைக்கால் என்றால் 'ஆக்டரூன்'. ரத்தத்தைப் படி, உழக்கு என்று அளந்தார்கள்.

இந்த அளவைக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிது. முழு ஆதிகுடிகள் தாமாகவே அற்றுப்போய்விடுவார்கள் என்று அன்றைய அதிகாரிகள் உறுதியாக நம்பினார்கள். ஆனால் கலப்பில் பிறந்தவர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். அதுதான் அவர்களுக்குத் 'தொல்லை'. தீர்வு: இளம் வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து, மொழியை மறக்கவைத்து, வெள்ளையரோடு மணமுடிக்க வைத்தால் மூன்று தலைமுறையில் நிறம் கரைந்துவிடும். படத்தில் தலைமைப் பாதுகாவலர் நெவில், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கூட்டத்தில் விளக்குப்படம் போட்டுப் பாட்டி, மகள், பேரன் என்று காட்டி விளக்குகிறார். அது இயக்குநரின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட மூன்று தலைமுறைப் புகைப்படத்தை, நிஜ நெவில் 1947இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் பெருமையோடு அச்சிட்டிருக்கிறார். 1937இல் கான்பராவில் மாகாண அதிகாரிகள் கூடிய மாநாட்டில் இந்தக் 'கரைத்துவிடும்' கொள்கை தீர்மானமாகவே நிறைவேறியது.

ஆபர் ஆக்டேவியஸ் நெவில். 1915 முதல் 1940 வரை, பதவியின் பெயர் நடுவில் மாறினாலும், மேற்கு ஆஸ்திரேலிய ஆதிகுடிகளின் தலையெழுத்து இவர் மேசையில்தான். ஆதிகுடிகள் அவர் பெயரைச் சற்றே திரித்து 'மிஸ்டர் டெவில்' என்றார்கள். கென்னத் பிரானா அவரை நடித்திருக்கும் விதம்தான் இந்தப் படத்தின் பெரிய சாதனை என்பேன். அதட்டல் இல்லை, வில்லச் சிரிப்பு இல்லை. நேர்த்தியாக வாரிய தலை, சுத்தமான மேசை. ஆரம்பத்தில் ஒரு காட்சி: செயலாளர் ஒவ்வொரு மனுவாக வாசிக்கிறார். ஒருத்திக்குப் புதுச் செருப்பு வேண்டுமாம். போன வருஷம்தானே வாங்கினாள் என்று பார்க்கிறார் நெவில். கல்யாணம் செய்துகொள்ளவும் அவரிடம்தான் மனுப் போட வேண்டும். ஒரு மாகாணத்தின் ஆதிகுடிகள் அத்தனை பேருடைய செருப்பும் கல்யாணமும் ஒரே கோப்பறையில். அவர் தன்னைக் கொடியவர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இவர்களுக்கு நல்லது செய்கிறோம், இவர்களுக்குத்தான் புரியவில்லை என்று மனதார நம்பினார். தப்பித்துக்கொள்ள இடமே தராத கொடுமை இந்த வகைதான்.

இன்னொரு காட்சியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முகாமில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சட்டையை விலக்கி முதுகின் தோலைப் பார்ப்பார் நெவில். வெயில் படாத இடத்தில் வெளுப்பு எவ்வளவு என்று சோதனை. வெளுத்த பிள்ளைகளை வேறு விடுதிக்கு அனுப்புவார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள் என்ற எண்ணம். பெர்த்தில் சிஸ்டர் கேட் இல்லம் என்று வெளிர்நிறப் பிள்ளைகளுக்கென்றே ஓர் இல்லம் 1933இல் வந்தது. படக்கதை நடப்பது 1931, ஆகவே இதைச் சற்று முன்னால் இழுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் இழுத்த திசை சரி.

முகாம் என்றது மூர் ஆற்றுக் குடியிருப்பை. பெர்த்துக்கு வடக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், 1918இல் தொடங்கியது. இரவில் வெளியே பூட்டு, சன்னலுக்குக் கம்பி, தப்பி ஓடியவர்களுக்கு 'பூப்' என்ற தனிக் கொட்டடி. பெண்பிள்ளைகளுக்குத் தையலும் சமையலும் கற்றுக்கொடுத்து, பதினான்கு வயதை ஒட்டிப் பண்ணை வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்புவது நடைமுறை. அங்கிருந்து வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்தவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளையும் அதே சட்டப்படி அரசாங்கத்துக்கே சொந்தம். சக்கரம் இப்படிச் சுற்றியது. மோலிக்கு அப்போது பதினான்கு என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

படம் எங்கெங்கே விலகுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். விமர்சகர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு படமே பொய் என்றார்கள். பிள்ளைகளைக் காரில் திணிக்க, தாயும் பாட்டியும் மண்ணில் புரண்டு அலறும் காட்சி புத்தகத்தில் அந்த வேகத்தில் இல்லை. அங்கே போலீஸ்காரர் வந்து சொன்னதும் எதிர்க்கத் தெம்பில்லாமல் ஒப்புக்கொடுத்துவிட்டு, பிள்ளைகள் போனபின் கையில் கிடைத்த கூரிய பொருள்களால் தலையிலும் உடம்பிலும் காயப்படுத்திக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள், இழவு வீட்டில் செய்வதுபோல. என்னைக் கேட்டால் புத்தகத்தில் இருப்பதே கனம் கூடியது. எதிர்க்கவே தோன்றாத அளவுக்கு அடங்கிப்போன கூட்டம் என்பது, புரண்டு அழும் கூட்டத்தைவிட அதிகம் சொல்கிறது. படத்தில் ரயிலில் கூண்டுக்குள் ஏற்றிப் போகிறார்கள். உண்மையில் பெரும்பாலான தூரம் போனது கப்பலில், போர்ட் ஹெட்லாண்டிலிருந்து ஃப்ரீமேண்டில் வரை. நடந்த தூரத்தைப் படம் 1,500 மைல் என்கிறது. புத்தகக் கணக்கு ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். மைலும் கிலோமீட்டரும் எங்கோ மாறிப்போனதோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. எது எப்படியோ, எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். படம் பிடித்ததும் பெரும்பாலும் தெற்கு ஆஸ்திரேலியாவில்.

தப்பியோடிய பிள்ளைகளைத் தடம் பார்த்துத் துரத்தும் ஆதிகுடி ஆள் மூடூ, திரைக்கதை வளர்த்தெடுத்த பாத்திரம். அதில் நடித்த டேவிட் குல்பிலில் பேசுவது மொத்தம் ஒரு பக்கம் தேறாது. மூடூவின் மகளும் அதே முகாமில்தான். ஊருக்குப் போக அனுமதி இல்லை. பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே, இவள் கெட்டிக்காரி, வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறாள் என்பதுபோல ஒரு வார்த்தை சொல்வார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை தெரியும். அந்த முகத்துக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

நடைக்கு வருவோம். 1931 ஆகஸ்ட். முகாமுக்கு வந்த சூட்டிலேயே மோலி புறப்பட்டுவிட்டாள். மழை வரும் நாளாகப் பார்த்து ஓடினாள், தடம் அழியும் என்று. பெர்த் நாளிதழில் காணவில்லை என்று அறிவிப்பு வந்தது, தந்திகள் பறந்தன. பண்ணை வீட்டுப் பெண்கள் கதவைத் திறந்து ரொட்டியும் இறைச்சியும் பழைய கோட்டும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் போலீசுக்கும் சொன்னார்கள். மோலிக்கு இது தெரியும். ஆகையால் ஒரு திசையில் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வீடு மறைந்ததும் வேறு திசையில் திரும்புவாள். முள்செடி கிழித்துக் கால்கள் புண்ணாகிச் சீழ் வைத்தன. சின்னவர்களை முறைவைத்துச் சுமந்தாள். தன் தாய் விலூனாவில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு கிரேசி வழியில் பிரிந்துபோய்ப் பிடிபட்டாள். மற்ற இருவரும் ஒன்பது வாரத்தில் ஜிகலாங் சேர்ந்தார்கள். கிரேசி திரும்பி வரவேயில்லை. 1983இல் இறந்தார்.

அநாதை வாதத்துக்கு அண்ணன் முறையான இன்னொரு வாதமும் உண்டு: அந்தப் பெண்கள் அங்கே பாதுகாப்பாக இல்லை, அவர்கள் நன்மைக்காகவே எடுத்தார்கள் என்பது. ஜிகலாங் கிடங்குக் கண்காணிப்பாளர் நெவிலுக்கு எழுதிய கடிதம் புத்தகத்தில் இருக்கிறது. அதில் அவர், இந்தப் பெண்கள் கறுப்பர் பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், யோசித்துப் பார்த்தால் இவர்களை அகற்றுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற பொருளில் எழுதுகிறார். பக்கத்திலிருந்து பார்த்தவரே அப்படிச் சொன்ன பிறகும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து உத்தரவு போனது.

இது மூன்று பிள்ளைகளோடு நின்ற கதையும் அல்ல. 1997இல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம், சர் ரொனால்ட் வில்சன், மிக் டாட்சன் தலைமையில் நடத்திய விசாரணையின் அறிக்கை வந்தது. 1910 முதல் 1970 வரை, இடத்தையும் காலத்தையும் பொறுத்து, ஆதிகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றது. 'திருடப்பட்ட தலைமுறையினர்' என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது அதற்குப் பிறகுதான். இனப்படுகொலை என்ற சொல்லையும் அந்த அறிக்கை தயங்காமல் பயன்படுத்தியது. சண்டை அங்கேதான் மூண்டது. பிரதமர் ஜான் ஹாவர்ட் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்க மறுத்தார். 2000 மே மாதத்தில் சுமார் 2,50,000 பேர் சிட்னி துறைமுகப் பாலத்தில் நடந்தார்கள். படம் வந்தது இந்தச் சண்டையின் நடுவில். கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13இல்.

இனி, அந்தக் கடைசி நிமிடத்துக்கு வருகிறேன்.

மோலி வளர்ந்து டோபி கெல்லி என்ற மாட்டுப்பண்ணை ஆளை மணந்தாள். இரண்டு பெண்கள்: டோரிஸ், அன்னபெல். 1940இல் குடல்வால் கோளாறுக்காக மோலியைப் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குணமானதும் ஊருக்கு அனுப்பவில்லை. குழந்தைகளோடு மறுபடியும் மூர் ஆற்று முகாமுக்கே. 1941இல் மோலி மறுபடி நடந்தாள், பத்து வருஷத்துக்கு முன் நடந்த அதே வழியில், அதே ஜிகலாங்குக்கு. ஆனால் இந்த முறை இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பதினெட்டு மாதக் கைக்குழந்தை அன்னபெல்லை எடுத்துக்கொண்டாள். மூன்று நான்கு வயதே ஆன டோரிஸை விட்டுவிட்டுப் போனாள்.

முதல் நடையில் கால் மட்டும்தான் வலித்திருக்கும். இரண்டாம் நடையில் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு பிள்ளை தூரமாகிக்கொண்டே போனது. இதைப் படமாக எடுத்திருந்தால் கைதட்ட இடமிருக்காது. இயக்குநர் ஃபிலிப் நாய்ஸைக் குறை சொல்லவில்லை. ஹாலிவுட்டில் பெரிய படங்கள் எடுத்தவர், மக்கள் எதைப் பார்த்து உட்காருவார்கள் என்று தெரிந்தவர். தாய்மடியில் போய் விழுகிற இடத்தில் கதையை நிறுத்தினார், மிச்சத்தை மோலியின் குரலிலேயே சொல்லவைத்தார். அந்தக் குரலில் ஒரு வரி வரும்: அன்னபெல்லுக்கு மூன்று வயதானபோது அந்த நெவில் வந்து கொண்டுபோனான், அப்புறம் அவளை நான் பார்க்கவேயில்லை என்று. தேதிப்படி இது தவறு. நெவில் 1940இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அன்னபெல்லை எடுத்துப் போனது அதற்குப் பிறகு வந்த வேறொருவரின் உத்தரவில். மோலி தேதியைத் தவறாகச் சொன்னாளே தவிர, ஆளைத் தவறாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

முகாமில் விடப்பட்ட டோரிஸ் அங்கிருந்து ஒரு கிறித்தவ மிஷனுக்குப் போய், செவிலியர் உதவியாளராகப் பயிற்சி பெற்று, மணமாகிப் பிள்ளைகளும் பெற்ற பிறகுதான் பெற்றவர்களை மறுபடி பார்த்தார். இருபத்தோரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அம்மா தன்னைக் கொடுத்துவிட்டாள் என்றே நினைத்திருந்தார். பிறகு அம்மாவிடமும் சித்தி டெய்சியிடமும் உட்கார்ந்து கேட்டார். அவர்களுக்கு ஆங்கில மாதக் கணக்கும் மைல் கணக்கும் கிடையாது. பருவத்தையும் நில அடையாளங்களையும் வைத்துத்தான் சொன்னார்கள். அதை எடுத்துக்கொண்டுபோய் ஆவணக் காப்பகத்தில் இருந்த தந்திகள், போலீஸ் கடிதங்கள், நாளிதழ் அறிவிப்புகளோடு ஒன்றொன்றாகப் பொருத்தினார். டோரிஸ் பில்கிங்டன் கரிமாரா என்ற பெயரில் 1996இல் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் படத்துக்கு மூலம். இவ்வளவு தூரம் நடந்து வீடு சேர்ந்த அம்மாவைப் பற்றி, அந்த அம்மா விட்டுவிட்டுப் போன மகள் எழுதியது. புத்தகத்தைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நிதானமான, ஏறக்குறைய ஒரு கோப்பைப் போன்ற நடை. ஓர் இடத்திலும் அவர் அழமாட்டார்.

மோலி 2004 ஜனவரியில் ஜிகலாங்கில் இறந்தார். டோரிஸ் 2014இல், டெய்சி 2018இல். மோலி இறக்கும்வரை அன்னபெல் வரவில்லை.